முருங்கை மரத்தைக் காட்டிய கை

பக்கத்து வளவுக்காரர் அத்திவாரக் கல் வைக்க என்னைக் கூப்பிட்டபோது நான் மறுக்கவில்லை. புத்தளம் தில்லையடியில் இப்படியான காரியத்துக்குப் பள்ளிவாசல் பெரியவர்களைத்தான் அழைப்பார்கள். நாலு புத்தகம் படித்தவன் என்ற பெயரில் முறை எனக்கு வந்தது. உடனே போய்ச் சேர்ட்டை அயன் பண்ணினேன்.

பக்கத்து வளவுக்காரர், தொண்ணூறாம் ஆண்டு புலிகள் மன்னார் முஸ்லிம்களை வெளியேற்றியபோது வந்தவர். யுத்தம் முடிந்ததும் திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா என்று அவர்கள் வீட்டில் நெடுநாள் கதை நடந்தது. கடைசியில் ஓலைக் கொட்டிலை ஒட்டிச் சமையலுக்குக் கல்லால் ஒரு குசினி கட்டுவதென்று முடிவானது. குசினி கட்டினால் இருக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி கிடையாது. அவருடைய காணி உறுதிப் பத்திரத்தில், தெற்கே எல்லை என் காணி என்று மட்டும் எழுதியிருந்தது. அதனால் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டு என்னிடமே கேட்டார்.

"நானா, எல்லை எதுவரைக்கும்?"

என் உறுதி வீட்டு அலுமாரியில் கிடந்தது. அதை எடுத்துப் பார்ப்பது படித்தவனுக்கு அழகல்ல என்று நினைத்தேனோ என்னவோ, கையிலிருந்த குடையை நீட்டினேன்.

"அந்த முருங்கை மரந்தான். அத ஒட்டியே கட்டுங்க."

பாத்திஹா ஓதினோம். கல்லை வைத்தேன். தேத்தண்ணியும் குடித்தேன்.

சுவர் ஆளுயரம் வந்தபோது, மகளுக்குக் காணியை எழுதிக் கொடுப்பதற்காக நில அளவையாளரை அழைத்தேன். அவர் அளந்து முடித்து, "சேர், மரம் உங்கட வளவுக்குள்ள நிக்கிது. எல்லை ஆறடி அங்கால" என்றார். குசினியில் பாதி மகளுக்கு எழுத இருந்த காணியில் நின்றது.

"அந்த மரத்த நட்டது நான்தானே" என்றாள் மனைவி. "எல்லையிலயா கொண்டு போய் நடுவன்? என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

வழக்குப் போட்டேன். கட்டட வேலையை நிறுத்தத் தடையுத்தரவும் வாங்கினேன். அந்த மாரி முழுக்கப் பக்கத்து வளவுக்காரரின் மனைவி கூரையில்லாத சுவர்களுக்கு மேல் தறப்பாள் கட்டிச் சமைத்தார். பெருநாளைக்கு அங்கிருந்து எங்களுக்கு வட்டிலப்பம் வந்தது. வழக்கு வழக்காகவும் வட்டிலப்பம் வட்டிலப்பமாகவும் இருந்தன.

நீதிமன்றத்தில் அவருடைய சட்டத்தரணி என்னிடம் அதிகம் கேட்கவில்லை. எல்லையைக் காட்டியது யார்? நான். முதல் கல்லை வைத்தது? அதுவும் நான். சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழாக்கும்வரை யோசிக்க நேரம் கிடைத்தது. எவ்வளவு யோசித்தும் கல்லை வேறு யாரும் வைத்ததாகத் தெரியவில்லை.

தீர்ப்பு நாளன்று நீதிபதி சொன்னதன் சாரம் இது: ஆறடியும் உறுதிப்படி உங்களுடையதுதான், அதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் உங்களுடையதல்ல என்று சொன்னீர்கள், அப்படியே நடந்தும் கொண்டீர்கள். அதை நம்பி இவர் கட்டினார். இப்போது இவருக்கெதிராக மாற்றிப் பேச உங்களுக்கு இடமில்லை. உறுதியைப் பார்க்காமல் சொன்னேன் என்ற என் வாதம், பார்த்தவர் போலச் சொன்னீர்களே என்ற இடத்தில் முடிந்தது.

இதற்கு எஸ்டொப்பல் என்று பெயர். தமிழில் முரண்தடை என்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி வாசித்தேன். வாசிக்க வேண்டிய காலம் போன பிறகு வாசிப்பது என் வழக்கம். இந்தத் தடை உண்மை எதுவென்று கேட்பதில்லை, அந்த உண்மையை இன்னார் சொல்லலாமா என்றுதான் கேட்கிறது. புத்தளத்தில் எவரிடமும் அந்த ஆறடி என் காணி என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஒரே ஒருவரிடம்தான் சொல்லக் கூடாது. எனக்குச் சொல்ல வேண்டியிருந்ததும் அவரிடம்தான்.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வாசலில் பக்கத்து வளவுக்காரர் காத்துக்கொண்டு நின்றார்.

"நானா, மனவருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம். கல்ல ஒழுங்கா வெச்சிருக்கேன் எண்டு கோர்ட்டே சொல்லிட்டு."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மகளுக்குக் கட்ட இருந்த வீட்டின் படத்தில் ஓர் அறை சிறுத்தது.

அடுத்த கிழமை கூரை வேலை தொடங்கியது. ஓடு ஏற்ற ஏணியை எங்கள் பக்கம்தான் வைக்க வேண்டும். அவர் தன் பக்கம் நின்றபடி கேட்டார்.

"ஏணிய உங்கட பக்கம் வைக்கலாமா நானா?"

நான் வாயைத் திறக்குமுன் உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "வைக்கச் சொல்லுங்க. எடுக்கிற நாளையும் சேத்துச் சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை எடுக்கணும்" என்றேன்.

"ஜும்ஆத் தொழுகைக்கு முந்தியா, பொறகா?" என்று கேட்டார் அவர்.