அம்மாவை எதிர்வீட்டில் உட்கார வைத்த நாள்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று நினைத்துப் பேனாவைப் பல நாள் எடுத்து எடுத்து வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் அம்மாவைப் பற்றி யாராவது எழுத வேண்டுமென்றால் என்னை விட்டால் ஆளில்லை. அதனால்தான் துணிந்தேன்.

அம்மா ரங்கூனில் பிறந்த பர்மாக்காரி. பிழைக்கப் போன இடத்தில் அப்பா அவளைக் கட்டிக்கொண்டார். அங்கிருந்து நம் ஆட்களை அனுப்பிவிட்டபோது அம்மாவும் அப்பாவோடு கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடிசை போட்டாள். நான் அங்கே பிறந்தேன். அம்மா தமிழ் கற்றுக்கொண்டதும் அங்கேதான், குழாயடியில். சின்னக் கண்ணும் சப்பை மூக்குமாக ஒரு முகம், அதிலிருந்து வருவது சுத்தமான மெட்ராஸ் பாஷை. முதல் தடவை கேட்கிறவர்கள், பின்னால் வேறு யாராவது பேசுகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். எனக்கும் அவள் முகம்தான்.

அப்பாவுக்குத் தாம்பரத்தில் வேலை கிடைத்ததும் சேலையூரில் மனை வாங்கினோம். தெருவில் அப்போது ஆறே வீடு. அதற்கப்பால் செம்பாக்கம் ஏரி வரை வயல். ஊர்க்காரர்கள் எங்கள் எல்லோரையும் 'பிளாட்டுக்காரங்க' என்றார்கள். அம்மாவை மட்டும் 'சீனாக்கார அம்மா' என்றார்கள். ஒரு வருஷத்தில் அதுவும் பழகி, வெண்டைக்காய் பறித்தால் கொண்டுவந்து தருவார்கள். பிறகு வயல் குறைந்து வீடு கூடியது. பேங்க் வேலைக்காரர்கள் வந்தார்கள். ஏர்போர்ஸில் இருந்த மலையாளிக் குடும்பம் ஒன்று வந்தது, ஒரு சர்தார்ஜி வந்தார். அவர்கள் எல்லோரும் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். எங்களிடம் வரும்போது மட்டும் கேள்வி நீளும். ஒவ்வொரு புது வீடு எழும்பியபோதும் நாங்கள் மறுபடி புதியவர்கள் ஆனோம்.

எண்பதுகளின் பின்பாதியில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். முதலில் வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுப் போனதோடு சரி. இரண்டாவதாக வந்தவர்கள், "பேரப் பிள்ளைங்க எந்த மூஞ்சியில பொறக்குமோ" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். மூன்றாவதாக ஓர் இடம் வந்தபோது என் அத்தை, அப்பாவின் தங்கை, வந்து உட்கார்ந்தாள். இதுவும் தட்டிப்போனால் பெண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும், பிறகு யாரும் வரமாட்டார்கள் என்றாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் எதிர்ல டீச்சர் வீட்ல இருங்க. நிச்சயம் ஆனதும் பாத்துக்கலாம்."

"நிச்சயம் ஆனதும் என் மூக்கு வளந்துடுமா?" என்றாள் அம்மா.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அது முதல் நாள் பேப்பர்.

"உங்களைக் கேட்டா ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொல்லிடறேன்" என்றாள் அத்தை.

"அய்ய, அப்டிச் சொல்லாத. சீக்குக்காரி பொண்ணுன்னுவாங்க. காஞ்சிவரத்துக்கு சாமி கும்பிடப் போய்கீறான்னு சொல்லு."

தன்னை ஒளித்து வைக்கிற பொய்யைக்கூட அவளே சரி செய்து கொடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா காலையிலேயே எனக்குத் தலை பின்னிவிட்டு, கேசரி கிளறி வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள். டீச்சர் கிறிஸ்தவர், தனியாக இருந்தவர், அம்மாவுக்கு நல்ல சிநேகிதி. யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் அம்மா வீட்டில் கட்டும் பர்மா லுங்கியோடு, கன்னத்தில் 'தனக்கா' என்னும் பர்மா மரக்கட்டையை உரசிப் பூசிக்கொண்டு போனாள்.

நாலு மணிக்கு வரவேண்டியவர்கள் ஐந்தாகியும் வரவில்லை. அப்பா கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் பார்க்கப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீச்சர் வீட்டு வாசலில் ஐந்து ஜோடி செருப்பு.

எங்கள் மனைப்பிரிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண். மனை விற்றபோது போட்ட பிளாட் நம்பர் ஒன்று, பஞ்சாயத்தில் கொடுத்த கதவு எண் ஒன்று. எங்கள் கதவு எண் பதினாலு. டீச்சரின் பிளாட் நம்பர் பதினாலு. தரகரிடம் அப்பா வெறுமனே பதினாலு என்று சொல்லியிருக்கிறார். முனைக்கடைக்காரரோ பிளாட் நம்பரில்தான் வழி சொல்வார்.

"நீ போகாதேடி, பொண்ணு தெருவில எறங்கக் கூடாது" என்று பஜ்ஜி சுட்டு வைத்திருந்த அத்தை அடுப்படியிலிருந்து சொன்னாள். பட்டுப் புடவையோடு அந்த இருபதடித் தெருவைத் தாண்டினேன். வாசலில் நின்றபோதே உள்ளே பேச்சுக் கேட்டது.

பையனின் அம்மா சுவரிலிருந்த இயேசு படத்தைப் பார்த்துக் கேட்டார். "தரகர் சொல்லவே இல்லையே. நீங்க வேதக்காரங்களா?"

"சாமி டீச்சரோடதும்மா. பொண்ணு என்னுது."

"அப்ப வீடு?"

"வூடும் டீச்சரோடது. எங்க வூடு எதுருல கீது. என்னப் பாத்தா பயந்துடுவீங்கன்னு இங்க குந்த வெச்சிகீறாங்க."

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பையனின் மாமா தொண்டையைச் செருமினார்.

"சொந்த ஊர் எதும்மா?"

"ரங்கூனு."

"அது எந்த ஜில்லாவில வருது?"

"கப்பல்ல போற ஜில்லா."

பையன் சிரித்துவிட்டான். மாமா அவனைத் திரும்பிப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் என்னைக் கவனித்தார்கள். அம்மா பக்கத்தில் போய் நின்றேன். பையனின் அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மாவை உரிச்சு வச்சிருக்கா" என்றார். அது நல்லதாகச் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு அம்மாவின் கன்னத்தைக் காட்டி, "அது என்ன, சந்தனமா?" என்றார்.

"பர்மாக் கட்டைம்மா. பூசினா வெயிலுக்கு ஜில்லுனு கீது. கையைக் குடுங்க." அம்மா தன் கன்னத்திலிருந்து ஒரு விரல் எடுத்து அந்த அம்மாவின் புறங்கையில் தடவினாள். அவர் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது அப்பா வேர்த்து விறுவிறுத்து வந்து நிலைப்படியில் நின்றார். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு, "இவங்க என் சம்சாரம்" என்றார். அது அங்கே எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. ஆனாலும் சொன்னார். பிறகு தெருப்பக்கம் திரும்பி, "பஜ்ஜியை இங்க கொண்டா" என்று அத்தைக்குக் குரல் கொடுத்தார்.

ஆறியிருந்தாலும் பஜ்ஜியை எல்லோரும் சாப்பிட்டார்கள், மாமா உள்பட. அவர்கள் போன பிறகு காலித் தட்டுகளோடு தெருவைத் தாண்டும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"இனிமே யார் வந்தாலும் நீ நம்ம வாசல்ல நில்லு."

"நின்னா சம்பந்தம் வந்துடுமா?"

"வரலைன்னா போகட்டும்."

அம்மா அவர் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலை தரகர் வந்து என் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார். நட்சத்திரம் ஒத்துவரவில்லையாம். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள்.