கண்ணாடிப் பெட்டிக்குள் வைரவர்

சோமசேகரம் திருநெல்வேலியில் ஒரு பண்பாட்டு அருங்காட்சியகத்தில் காவலாளி. அவர் காக்கும் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், அவருடைய வீட்டு வைரவரே நிற்கிறார். துருப்பிடித்த ஒரு சூலம். முன்பு வீட்டு வளவு வேம்பின் கீழ் நின்றது. போரில் ஊரை இராணுவம் எடுத்தபோது சாக்கில் சுற்றி முகாமுக்குக் கொண்டுவந்தார். காணி இனிக் கிடைக்காது என்று நம்பி, அருங்காட்சியகம் கேட்டவுடன் கொடுத்துவிட்டார். பிறகு காணி கிடைத்தது. சூலம் கிடைக்கவில்லை. உள்ளே வந்த பொருள் வெளியே போகாதாம். கவலையில்லையா என்று கேட்டால், "கவலைப்பட்டு முடிஞ்சுது" என்பார், மழை விட்டதைச் சொல்வதுபோல.

மகள் ஆரபிக்குக் கலியாணம் பொருந்தியது. முதலில் வைரவருக்கு வடைமாலை சாத்தாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு கலியாணமும் நடந்ததில்லை. மனைவி சிவக்கொழுந்து ஒரு வேலையையும் தொடங்க விடவில்லை.

"புதுச் சூலம் ஒண்டு அடிப்பிச்சு வைப்பமே?" என்றார் சோமசேகரம்.

"அப்ப தாரை வார்க்கவும் உங்களுக்குப் பதிலாப் புது ஆளொண்டைப் பிடிப்பமே?"

பெட்டியருகே, 'இன்றும் உயிர்ப்புடன் தொடரும் வழிபாடு' என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே, பூவோ உணவோ வைக்கக்கூடாது என்றும் இருக்கிறது. சோமசேகரத்துக்குச் சம்பளம் இரண்டாவது வரிக்கு.

பொறுப்பாளர் பிரகலாதனிடம் போய்க் கேட்டார்.

"நான் ஓமெண்டால் நாளைக்கு ஊரே பானையோடை வரும், அண்ணை. நான் தேத்தண்ணி குடிக்கப் போறன். எனக்கொண்டும் தெரியாது. கற்பூரம் மட்டும் கொளுத்திப் போடாதேங்கோ, புகைக்கு மணி அடிக்கும்."

சிவக்கொழுந்து நுழைவுச்சீட்டு எடுத்து, செருப்பை அறை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். வடைமாலையைப் பெட்டியின் மூலையில் கொளுவினார். கண்ணாடியில் எண்ணெய் வழிந்தது. காக்கிச் சட்டையோடு வாசலைப் பார்த்து நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆரும் சூலத்தைக் களவெடுக்கமாட்டினம். வந்து கும்பிடுங்கோ."

சோமசேகரம் தொப்பியைக் கழற்றிக் கைகூப்பினார். வைரவரிடம் கேட்க மனதில் ஏதாவது வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. கண்ணாடியைச் சவர்க்காரம் போட்டுத் துடைப்பதா, கடதாசியால் துடைப்பதா என்ற யோசனைதான் வந்தது.

"பிள்ளைக்காக வடிவாக் கேட்டனீங்களே?"

"ஓம்."

அதுவரை இறுகிக் கிடந்த சிவக்கொழுந்தின் முகம் இளகியது. "அப்ப இனிப் பலகாரத்துக்குச் சட்டி வைக்கலாம்" என்றார். சோமசேகரம் தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி துடைக்கத் துணி எடுக்கப் போனார்.