மழை இல்லை என்று சொன்னேன்

எங்கள் காரில் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. வழக்கமான மெக்கானிக் ஊரில் இல்லை. காரில் செருகும் சின்னக் கருவி காட்டிய பிழை எண்ணைச் செல்போன் ஏஐ-யிடம் கொடுத்தேன். "இன்ஜினை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் கோளாறு இருக்கலாம். வண்டிக்குள் தண்ணீர் புகுந்ததா?" என்று கேட்டது. அம்பாசமுத்திரத்தில் மழை பெய்தே ரொம்ப நாளாகிறது. "இல்லை" என்று தட்டினேன். அப்படியானால் ஒயர் இணைப்பைச் சரிபார்த்துவிட்டு எண்ணை அழித்துப் பாருங்கள் என்றது. என் கணவர் அப்படியே செய்தார். விளக்கு அணைந்தது.

மறுநாள் காரையாறு கோயிலிலிருந்து மலைப்பாதையில் இறங்கும்போது, வளைவில் இன்ஜின் நின்றுவிட்டது. ஸ்டியரிங் இறுகியது. பிரேக் கல் மாதிரி ஆகிவிட்டது. எதிரே பள்ளம். பின்சீட்டில் மகள் அலறினாள். கணவர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கைப் பையப் பைய இழுத்தார். கார் இடப்பக்கப் பாறையில் உரசிக்கொண்டே போய் நின்றது.

ஊர் திரும்பிய மெக்கானிக் அண்ணாச்சி, ஏஐ கேட்டதையும் நான் தட்டிய பதிலையும் கணவர் சொல்லக் கேட்டுக்கொண்டே தரைவிரிப்பைத் தூக்கி, கன்ட்ரோல் யூனிட்டைத் திறந்தார். உள்ளே ஈரம், ஆற்று மணல்.

"வண்டிய ஆத்துல எறக்குனியளா?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அங்கனதான அண்ணாச்சி கழுவுதோம்," என்றார் கணவர்.

"தண்ணி போகலன்னு சொன்னியளாமே. அப்ப தாமிரபரணில ஓடுதது என்ன வே, பன்னீரா?"

இப்போது கரையிலேயே நிறுத்தி, வாளியில் மொண்டுதான் கழுவுகிறோம். ஏஐ எதைக் கேட்டாலும் வீட்டில் எல்லோரிடமும் சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகே பதில் தட்டுகிறேன். "இல்லை" என்று தட்டும்போது மட்டும் இன்னமும் அந்த வளைவு கண்ணில் வருகிறது.