அந்தோணி பேசிய ஒரு வரி

சுந்தரிக்கு ஒரு சீரியல் பைத்தியம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். இன்று ஓடுகிற சீரியல் எதையும் அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் ஆம்பூரிலேயே எடுத்த ‘உப்புத்தொட்டி’ ஒன்றுதான் அவளுக்கு சீரியல். தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் முதலாளி மகளைப் பற்றிய கதை. அதைக் காட்டிய சேனலையே மூடிவிட்டார்கள். ஆனாலும் அதை மறக்காத ஒரு கூட்டம் செல்போனில் குழு வைத்து இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறது. சீரியலில் வந்த இடங்களில், அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாத மரமும் படிக்கட்டும்கூட சுந்தரிக்குத் தெரியும். ஷூ கம்பெனியில் ஆறு நாள் தையல் மிஷின். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததோ இல்லையோ, கிளம்பிவிடுவாள். கதாநாயகி அழுதுகொண்டு நின்ற ஜோலார்பேட்டை நடைபாலம், அவள் கார் மக்கர் பண்ணிய ஏலகிரி வளைவு, ஒன்று விடமாட்டாள்.

“இன்னாமா, இந்த வாரம் எந்தச் செவுத்தத் தடவினு வரப் போற?” என்பாள் மகள் சௌந்தர்யா.

“உங்கப்பன் பேசுன செவுத்தத்தான்டி.”

விஷயமே அதுதான். சௌந்தர்யாவின் அப்பன் அந்தோணி, சீரியல் எடுத்த தோல் ஷாப்பில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டியவன். கதாநாயகி உள்ளே வரும்போது அவன் ஒரு வரி சொல்ல வேண்டும்: “முதலாளி உள்ள இல்லம்மா. ஆத்துப் பக்கம் போயிருக்காரு.” மூன்று நாள் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். சோற்றைப் போட்டால் சோற்றிடம் சொன்னான். ஐம்பத்தேழாம் பகுதியில் அது வந்த அன்று சுந்தரிக்கு ஓவர்டைம். ஓடோடி வந்து கேட்டால், “வந்துச்சு. நீ பாக்காததால ஒண்ணும் கொறஞ்சு போய்டல” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அடுத்த வருடமே மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது.

சௌந்தர்யாவுக்கு அப்போது ஒன்றரை வயது. வீட்டில் போட்டோ மூன்று இருக்கின்றன. குரல் இல்லை. “அப்பா எப்டிமா பேசும்?” என்று ஏழு வயதில் ஒருநாள் கேட்டாள். கரகரப்பாக இருக்கும், கடைசி வார்த்தையில் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும் என்றாள் சுந்தரி. வாயால் சொன்னால் குரல் வந்துவிடுமா? அந்த ஒரு வரியை எங்கிருந்தாவது பிடித்து மகள் காதில் போட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கு வந்த வீம்பு. யூடியூபில் நாற்பது பகுதி கிடைத்தது. ஐம்பத்தேழு கிடைக்கவில்லை.

மிச்சமிருந்தது சீரியல் எடுத்த தோல் ஷாப்பின் முதலாளி இஷ்தியாக் அகமதுதான்; அவரிடம் ஏதாவது இருக்கலாம். ஷாப்பை மூடி வருடக்கணக்காகிறது. இரண்டு தடவை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

“சும்மா பேஜார் பண்ணாதம்மா. ரீல் எடுக்கிறோம்னு வந்தவங்க சீரியல்ல வந்த லாந்தரைத் தூக்கினு போய்ட்டாங்க.”

மூன்றாம் தடவை போனபோது கதவு திறந்திருந்தது. கண்ணாடி பீரோவுக்குள் கதாநாயகியின் சிவப்பு ஷூ. கதையில் அப்பா அவளுக்குக் கொடுத்தது. சுந்தரி குனிந்து பார்த்தாள்.

“பாய், ரெண்டும் வலது காலு.”

“இன்னாது?”

“சாம்பிள் செக்‌ஷன்ல ஒத்தக் காலுதான் தைப்போம். வெளிநாட்டுக்காரன் பாக்க ஒண்ணு போதுமே. சீரியல்காரங்க ஜோடி கேட்டிருப்பாங்க. அவசரத்துல அதே அச்சுல இன்னொண்ணு தைச்சுட்டாங்க.”

கிழவர் பீரோவைத் திறந்து இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். “அதான் அந்தப் பொண்ணு நொண்டி நொண்டி நடந்துச்சா! நடிப்புன்னு இல்ல நெனச்சேன்! உள்ள வாம்மா, வந்து உக்காரு.”

தம் ஷாப்பில் எடுத்த பகுதிகளை சீரியல்காரர்கள் அவருக்கு சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஐம்பத்தேழு அதில் இருந்தது. சுந்தரி பதிவு செய்யச் செல்போனைக் கையில் எடுத்தாள்.

டிவியில் ஓடவிட்டார். தோளில் துண்டு, ஈரக் கை. அந்தோணிதான். நிமிர்ந்து பார்த்தான், வாயைத் திறந்தான். “முதலாளி உள்ள இல்லம்மா.” வழவழவென்று யாரோ ஒருத்தன் குரல்.

“பாய், இது அவரு கொரல் இல்ல.”

“டப்பிங்மா. இங்க மிஷின் சத்தம் ஜாஸ்தின்னு எல்லாத்தயும் மெட்ராஸ்ல வேற ஆள வச்சுப் பேசினாங்க. எடுத்த சத்தத்த அப்பவே அழிச்சிருப்பாங்க.”

சத்தத்தை நிறுத்திவிட்டுப் போடச் சொன்னாள். எட்டுத் தடவை போட்டார். உதடு அசைந்தது. அவ்வளவுதான். அன்று அந்தோணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது ஏன் என்று இருபது வருடம் கழித்து அவளுக்குத் தெரிந்தது. செல்போனில் எதையும் பதிவு செய்யாமல் எழுந்து வந்தாள்.

வீட்டு வாசலிலேயே சௌந்தர்யா பிடித்துக்கொண்டாள். “கெடச்சுச்சாமா? போடு, போடு.”

“அதுல அவரு கொரல் இல்லடி. வேற எவனோ பேசியிருக்கான். இரு, நானே சொல்லிக் காட்டுறேன்.”

சுந்தரி கண்ணை மூடினாள். கரகரப்பைத் தேடினாள், கடைசிச் சிரிப்பைத் தேடினாள். நேற்றுவரை மங்கலாகவாவது காதில் இருந்தது. இப்போது எங்கே தொட்டாலும் அந்த வழவழப்புக் குரல்தான் வந்தது.

“முதலாளி உள்ள...” என்றாள்.

“அப்பறம்?”

அப்புறம் வரவில்லை.