கடல் பக்கச் சுவர்

செபஸ்தியன் சுவரோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு ஊதுகிறார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்து செந்தூசி கிளம்பி அவருடைய புருவத்தில் படிகிறது. கண்ணை இறுக்கி மூடித் திறந்துவிட்டு, ஆணியை மறுபடியும் மூட்டுக்குள் விடுகிறார். பழைய சாந்து பொலபொலவென்று உதிர்ந்து சட்டைக் கைக்குள் விழுகிறது. "வா, வா, எல்லாரும் வெளிய வந்துருங்க" என்று அதனோடு பேசுகிறார். உள்ளே தூசி மிச்சமிருந்தால் புதுச் சாந்து பிடிக்காது. அதனால் பிரஷ்ஷால் ஒரு தரம், வாயால் ஒரு தரம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வரிசை வீட்டில் மனைவி பிலோமினாவோடு இருக்கிறார். வயது அறுபதை எட்டப்போகிறது. ஒரு காலத்தில் முழு வீடு கட்டிய மேசன். இரத்மலானையில் ஒரு தொழிற்சாலைக் கூரையிலிருந்து விழுந்த பிறகு இடது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. கல் சுமக்கவோ ஏணியில் நெடுநேரம் நிற்கவோ முடியாது. பூசாத செங்கல் சுவர்களில் கரைந்துபோன சாந்தைச் சுரண்டியெடுத்துப் புதிதாக அடைக்கும் வேலை மட்டும் அவருக்கு மிஞ்சியது. கொழும்பில் எல்லாரும் அதை 'பொயின்டிங்' என்கிறார்கள். செபஸ்தியன் "மருந்து கட்டுறது" என்பார்.

மருந்து கட்டுவது போலத்தான் செய்வார். சுவரை நன்றாக நனைத்துவிட்டு, "குடிக்கட்டும், குடிக்கட்டும்" என்று ஒதுங்கி நிற்பார். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால் காது கேளாதவர் போல வானத்தைப் பார்ப்பார். பிறகு சின்னப் பலகையில் சாந்தை வைத்து, மூட்டுக்குள் மெல்லிய படையாக அழுத்துவார். அது இறுகியதும் மேலே இன்னொரு படை. கடைசியில் வளைத்த கம்பியால் ஒரே இழுப்பு. ஈரச் சாக்கை மேலே தொங்கவிட்டுவிட்டுத்தான் வீடு போவார்.

சுண்ணாம்பும் சீமெந்தும் விரல்களைப் பிளந்து வைத்திருக்கின்றன. வெடிப்பில் குழம்பு பட்டால் எரியும் என்பதால் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். லேன் ஆட்கள் "துரை சாப்பிடுறாரு" என்று கேலி செய்வார்கள். பஸ்சுக்காக நிற்கும்போது பக்கத்துச் சுவரின் மூட்டைப் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பார். "பூசை நடக்குது, ஃபாதர் பிரசங்கம் வெக்கிறாரு, இந்த மனுசன் கோயில் செவர தடவிக்கிட்டு நிக்கிது" என்பது பிலோமினாவின் நெடுநாள் முறைப்பாடு.

இப்போது அவள் அப்படிச் சொல்வதில்லை. போன வருடத்துக்குப் பிறகு செபஸ்தியன் வழியில் இருக்கும் எந்தச் சுவரையும் தொடுவதில்லை. வேலைக்கென்று கூப்பிட்டால் மட்டும் தொடுகிறார். அதற்குக் காரணமான சுவர் வெள்ளவத்தையில் நிற்கிறது.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் இடுக்கில் அகப்பட்ட பழைய மாடிவீடு. கடல் பக்கத்துச் சுவர் முழுவதும் பூசாத செங்கல். வாசற்கதவு பக்கவாட்டில் இருப்பதால், கேற்றிலிருந்து உள்ளே போகிறவர்கள் அந்தச் சுவரை ஒட்டிய ஒடுங்கிய நடைபாதையால்தான் போகவேண்டும். வேறு வழியில்லை.

வீட்டுக்காரி கௌரி, ஓய்வுபெற்ற ஆசிரியை. முதல் நாள் அவர் பார்த்துக்கொண்டிருக்கவே செபஸ்தியன் ஆணியை மூட்டில் வைத்தார். அழுத்தவே இல்லை. ஆணி தலைவரைக்கும் உள்ளே போய்விட்டது. உப்புக்காற்று சாந்தைச் சீனி போல ஆக்கியிருந்தது. இன்னும் நாலைந்து இடங்களில் விட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். வெளிவரிசைக் கல்லும் உள்வரிசைக் கல்லும் ஒன்றையொன்று விட்டுவிட்டன. சுவரின் நடுப்பகுதி வெளியே வயிறு தள்ளி நின்றது.

"டீச்சர், இதுக்கு மருந்து கட்டி பிரயோசனம் இல்ல. கூரைக்கு முட்டு குடுத்துட்டு, செவர கழட்டி திருப்பி கட்டணும்."

கௌரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய கணவர் நாகேந்திரம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கீழே சாரத்தோடு, வெளியே வந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். இப்போது நினைவு கலங்கிவிட்டது. செபஸ்தியனை மேலும் கீழும் பார்த்து, "நீர் எந்தக் கிளை?" என்று அதட்டினார்.

"கொட்டாஞ்சேன கிளை சேர்" என்றார் செபஸ்தியன்.

நாகேந்திரம் திருப்தியோடு தலையை ஆட்டிவிட்டு கேற்றை நோக்கி நடந்தார். கௌரி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து கதிரையில் இருத்தினார். மூச்சு வாங்கியது.

"நேற்று மரைன் டிரைவிலை நடு ரோட்டிலை நிண்டவர். பஸ்காரன் பிறேக் அடிச்சதாலை தப்பினார். வீட்டை வித்தால்தான் செபஸ்தியன், இவரை ஒரு இடத்திலை வைச்சுப் பராமரிக்கலாம். கழட்டிக் கட்ட எனக்கு வழியுமில்லை, பெலனுமில்லை. உங்களைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. பொயின்டிங்கை மட்டும் வடிவாச் செய்து தாங்கோ."

செபஸ்தியன் அன்று பின்னேரம் வரை யோசித்தார். முன்பு தெஹிவளையில் ஒரு வீட்டில் இப்படித்தான் உண்மையைச் சொன்னார். வீட்டுக்காரர் நன்றி சொல்லி, தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டு, அடுத்த நாளே வேறொரு மேசனைப் பிடித்தார். இங்கேயும் யாரோ ஒருவன் வந்து சீமெந்தை அள்ளி அப்பிவிட்டுப் போவான். அதற்குப் பதில் நானே செய்தால் என்ன? வேலை இல்லாமல் கிடந்த மாதங்களும் மனதில் வந்தன. வாளியை எடுத்துச் சாந்து குழைத்தார்.

அதைவிடத் திருத்தமான வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. ஒவ்வொரு கோடும் நூல் பிடித்தது போல வந்தது. சாந்தின் நிறம்கூடப் பழையதோடு பொருந்திப் போனது. மாலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் அந்த வயிறு தெரியும். மற்ற நேரங்களில் சுவர் நேற்றுக் கட்டியது போல நின்றது. உள்ளே வெறும் மண்தான் என்பதைச் சொல்ல வெளியே ஒரு கீறல்கூட மிஞ்சவில்லை.

கடைசி நாள் சாக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வீடு பார்க்க ஒரு குடும்பம் வந்தது. ரிம்ஸான் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், மனைவி ஷஹீமா, மூன்று நான்கு வயது மகள் ஹனா. மாடியைப் பார்த்துவிட்டு இறங்கிய ஷஹீமா, நடைபாதையில் நின்று உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். "எவ்ளோ குளுமையா ஈக்கி. இந்த பக்கத்து ரூம புள்ளைக்கு எடுப்போம்."

ரிம்ஸான் செபஸ்தியனிடம் வந்து கேட்டார். "பாஸ், நீங்கதானே வேல செஞ்ச. செல்லுங்க, செவரு நல்லமா ஈக்கா?"

கௌரி வாசலில் நின்றார். அவர் செபஸ்தியனைப் பார்க்கவில்லை. கதிரையிலிருந்து எழும்பப் பார்த்த கணவரின் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வேல முடிஞ்சிருச்சி தம்பி" என்றார் செபஸ்தியன். "நல்லா முடிஞ்சிருச்சி."

அன்று மட்டக்குளி பஸ்ஸில் வீடு திரும்பியபோது நிறுத்தம் தாண்டிப் போய், திரும்பி நொண்டி நொண்டி நடந்து வந்தார். பிலோமினா சோற்றைப் போட்டு வைத்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"நீயா அந்த செவர கட்டின?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல. நான் மூடினேன்."

வீடு ரிம்ஸானுக்குக் கைமாறியது. கௌரி கணவரைத் தெஹிவளையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிட்டு, பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டார். செபஸ்தியன் ஒருநாள் தேடிப் போனார். வாங்கியவர்களிடம் இரண்டு பேருமாகப் போய்ச் சொல்வோம் என்பது அவருடைய எண்ணம். கௌரி கதவைத் திறந்தார், விசயத்தைக் கேட்டார். "ஓம் செபஸ்தியன், எனக்கும் நித்திரை இல்லை" என்றார். "ஆனா அந்தக் காசு இல்லாட்டி இவரைத் திரும்ப றோட்டிலைதான் விடோணும். நான் வரமாட்டன்." கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அவர் கோபத்தோடு சாத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று செபஸ்தியனுக்குத் தோன்றியது.

அதன் பிறகு மழை பெய்தால் செபஸ்தியனுக்கு வேறு எதுவும் ஓடாது. எங்கே வேலை செய்தாலும் கையை நிறுத்திவிட்டுக் கடல் இருக்கும் திசையைப் பார்ப்பார். காலையில் கடையில் பத்திரிகை விரித்திருந்தால், கொழும்புச் செய்திப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பார். அதில் எதுவும் இல்லாத காலை அவருக்கு நிம்மதி தருவதில்லை. இன்னும் விழவில்லை, இனித்தான் விழப்போகிறது என்றே அவருக்குப் படும்.

போன கிழமை ஏழு நாளும் இடைவிடாத மழை. ஞாயிறு பூசை முடிந்ததும், கோயிலுக்கு உடுத்த வெள்ளைச் சட்டையோடேயே பஸ் ஏறினார்.  பிலோமினா குடையை அவர் கையில் திணித்தாள்.

ரிம்ஸான் வீட்டிலிருந்தார். "ஆ, பாஸ்! வாங்க, வாங்க" என்று சிரித்தபடி உள்ளே கூப்பிட்டார். செபஸ்தியன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஆணி உள்ளே போனதை, கழட்டிக் கட்டச் சொன்னதை, பிறகு தானே மூடியதை. ஷஹீமா குசினி வாசலில் வந்து நின்றாள்.

ரிம்ஸானின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போனது.

"அண்டைக்கு கேட்டேனே பாஸ். ஒங்கட மூஞ்ச பாத்து கேட்டேனே."

"கேட்டீங்க தம்பி."

"என்ட மச்சான் பில்டிங் வேல செய்ற ஆள். அவரும் வந்து பாத்தாரு. இப்பிடி பொயின்டிங் இப்ப யாரும் செய்ற இல்ல, நல்ல செவரு எண்டாரு. இப்ப நீங்க வந்து உழும் எண்டா? மத்த வேலையும் புடிக்கவா வந்த?"

"எனக்கு வேல வாணாம். ஒரே ஒரு மூட்ட கிண்டி காட்டுறேன். நீங்களே பாருங்க."

"கைய வெக்க வாணாம்!" ரிம்ஸானின் குரல் உடைந்தது. "இருந்த எல்லாத்தையும் போட்டு வாங்கின வீடு இது. கழட்டுங்க எண்டு செல்றீங்க. எதால கழட்டுற? கழட்டிட்டு எங்க போற?"

 வரும் வழியெல்லாம் செபஸ்தியன் எதைச் சொல்வது என்றுதான் யோசித்தாரே ஒழிய, சொன்ன பிறகு அவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்கவில்லை. இதுவரை தனக்கு மட்டும் இருந்த பயத்தை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஷஹீமா மெதுவாகக் கேட்டாள். "எப்ப உழும்?"

"தெரியாது மகள். நாளைக்கும் உழலாம். பத்து வருசம் நிண்டாலும் நிக்கும்."

ரிம்ஸான் எழும்பி, சுவரை ஒட்டிய பிள்ளையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டிலைச் சுவரை விட்டு அவர் தனியாக இழுக்கும் சத்தம் கேட்டது. நாலடிக்கு மேல் அது போகவில்லை. அந்தச் சின்ன அறையில் அதற்கு மேல் இடமில்லை.

ஒழுங்கை முனையில் வான் ஹோர்ன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அஹதியா மார்க்க வகுப்புக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வான். ஹனா வெள்ளை ஹிஜாபைத் தலையில் சரிபண்ணிக்கொண்டு ஓடிவந்தாள். ஷஹீமா மகளைப் பார்த்தாள். திறந்திருந்த கதவுக்கு வெளியே நடைபாதையைப் பார்த்தாள். பிறகு அறைக் கதவைப் பார்த்தாள். காலை எடுத்து வைக்க அவளால் முடியவில்லை.

"நான் கூட்டிட்டு போறேன் மகள்" என்றார் செபஸ்தியன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. சுவர் முழுவதும் நனைந்து, மூட்டுக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. வாசற்படி இறங்கியதும் ஹனா அவருடைய இடது கையைப் பிடித்தாள். அது சுவர்ப் பக்கம். மற்றக் கையால் மூட்டுகளைத் தடவி, கோடு கோடாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

செபஸ்தியன் நின்றார். பிள்ளையின் கையை விட்டுவிட்டு, மடங்காத காலை இழுத்து அவளைச் சுற்றி வந்து, அவளுக்கும் சுவருக்கும் நடுவில் நின்று அவளுடைய மற்றக் கையைப் பிடித்தார். பிறகு கேற் வரைக்கும், தன் தோள் சுவரில் உரச உரச நடந்தார்.