டாக்டரிடம் மரியாதைக்குச் சொன்ன பொய்

வடகரப்பதியில் விவசாயம் செய்கிறேன். கபடியில் கிழிந்த என் முழங்கால் தசைநாருக்குக் கோவை டாக்டர் ஒருவர் புதுமுறையில் ஆபரேஷன் செய்தார். ஆராய்ச்சிக்காக அவ்வப்போது போனில் விசாரிப்பார். படியிறங்கினால் கால் மடங்கிவிடும். ஆனாலும் அவ்வளவு பெரிய டாக்டரிடம் குறை சொல்ல வாய் வராமல், “நல்லா இருக்குதுங்க” என்பேன்.

பிறகு என் மகளுக்கும் கபடியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதே டாக்டர், “இதே முறையில செஞ்ச உங்கப்பாவே நல்லா இருக்காரு கண்ணு” என்றார். மகள் என்னைப் பார்த்தாள். பொய் வெளிப்படுமே என்று நான் வாய் திறக்கவில்லை. அவளுக்கும் அதே ஆபரேஷன் நடந்தது.

இப்போது அவள் காலும் மடங்குகிறது. போன வாரம் டாக்டர் அழைத்தார். “நல்லா இருக்குதுங்க” என்றாள். போனைப் பிடுங்கி, “பொய்யுங்க டாக்டர்! எங்க ரெண்டு பேருக்குமே சரியாகலீங்க” என்றேன்.

இனி எந்த டாக்டரிடமும் வலியைத்தான் முதலில் சொல்வேன் என்றேன், மகளிடம்.

“ஏனுங்கப்பா, அதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்னங்க?”