இராமதாஸ் பேர்ல இருந்த கார்

நம்பாதவங்க நம்பாம போங்க, எனக்கொண்ணும் நஷ்டமில்ல. ஆனா முத்தியால்பேட்டையில எங்க தெருவுக்கு ஒரு நடை வந்து பாருங்க. எலக்ட்ரீஷியன் ஜானகிராமன் வீட்டு வாசல்ல அந்த வெள்ளைக் குட்டிக் கார் இன்னிக்கும் நிக்குது. அதைப் பார்த்துட்டு அப்புறமா என்கிட்ட வாய் பேசுங்க.

2013-ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. மூணு வருஷம் ஓடின வண்டி, அடிமாட்டு விலைக்குக் கிடைச்சுது. அவர் சம்சாரம் நிர்மலாவுக்கு இடுப்பு ஆபரேஷன். பைக்கும் ஆகாது, ஆட்டோவும் ஆகாது. அந்தக் கார் இல்லேன்னா அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்ல, வீட்டுக்குள்ளயே கிடக்க வேண்டியதுதான். அதனால மனுஷன் அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டார். பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட அது நிர்மலாவை நடுரோட்டுல விட்டதில்ல.

ஒரே ஒரு கோளாறு. மத்தியானம் 12.40-க்கு வண்டி ஓடிட்டிருந்தா, உள்ள கருவாட்டுக் குழம்பு வாசனை வரும். அப்புறம் வைப்பர் தானா ஒரு தடவை அசையும். சரக்... ஒரே தடவை. மழை இருக்காது, ஒண்ணும் இருக்காது. மெக்கானிக் நிலவன் வயரிங்கை மாத்தினான், மோட்டாரை மாத்தினான். ஊஹூம்! "வண்டிக்கும் பசிக்குது போல"ன்னு நிர்மலா கிண்டல் பண்ணும்.

இன்னொண்ணும் சொல்லணும். ஆர்.சி. புக்கு பழைய ஓனர் இராமதாஸ் பேர்லயே இருந்துச்சு. பேர் மாத்த வண்டியோட ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகணும்னு ஜானகிராமன் மூணு தடவை கிளம்பினார். மூணு தடவையும் வண்டி ஸ்டார்ட் ஆகல. சனியன்னு விட்டுட்டார். நம்ம ஊர்ல பாதி வண்டி அடுத்தவன் பேர்லதானே ஓடுது?

போன வருஷம் வண்டிக்குப் பதினஞ்சு வயசாச்சு. ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும், இல்லேன்னா காயலான் கடைதான். பேர்ல இருக்கிற ஆளே நேர்ல வரணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இராமதாஸ் வீட்டைத் தேடி உழவர்கரைக்குப் போனார் ஜானகிராமன். அன்னிக்கு வண்டி ஒரே செல்ஃப்ல கிளம்புச்சு.

இராமதாஸ் வெளியில வந்தார். காரைப் பார்த்ததும் மூஞ்சி செத்துப்போச்சு.

"இதை இன்னுமா வச்சிருக்க?"

"ஒரு கையெழுத்துதான் சார். பத்து நிமிஷத்துல கொண்டாந்து விட்டுடறேன்."

"நான் ஸ்கூட்டர்ல வரேன். நீ முன்னால போ."

புது ஸ்கூட்டர். ஸ்டார்ட் ஆகல. உதைச்சார், திட்டினார், வேர்த்துக் கொட்டினார். கடைசியில வேற வழியில்லாம காரோட முன் சீட்டுல வந்து உட்கார்ந்தார். நேரம் 12.21.

வழியெல்லாம் மனுஷன் பக்கத்து ஜன்னல் வழியாவே பார்த்துக்கிட்டு வந்தார். முன் கண்ணாடியை மட்டும் பார்க்கவே இல்ல.

மூடிக் கிடக்கிற பழைய மில்லு மதில்கிட்ட வந்தாங்க. இஞ்சின் அப்படியே அணைஞ்சுது. 12.38.

பன்னெண்டு வருஷத்துல முதல் தடவை.

ஜானகிராமன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சாவியை உருவிக்கிட்டு இறங்கினார்.

உள்ளேயிருந்து இராமதாஸ் கத்தினார்.

"யோவ்... கருவாட்டுக் குழம்பு யார்யா கொண்டாந்தது?"

ஜானகிராமன் அந்த வாசனையைப் பத்தி அவர்கிட்ட மூச்சுக்கூட விட்டதில்ல.

கதவு திறந்துச்சு. இராமதாஸ் இறங்கி ஓடினார். காருக்கு முன்னால குறுக்கே.

12.40.

சரக்...

வண்டி நகர்ந்துச்சு.

சாவி ஜானகிராமன் கையில இருக்கு. இஞ்சின் சத்தமே இல்ல. வண்டி போகுது.

இராமதாஸ் பானட் மேல விழுந்தார். வைப்பரை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டார்.

"நிறுத்து... நிறுத்து!"

சரக்... சரக்... சரக்...

விரல் ஒவ்வொண்ணா விட்டுச்சு.

டக்.

வண்டி நின்னுச்சு. வைப்பரும் நின்னுச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே இராமதாஸ் உசுரு போயிடுச்சு. ஹேண்ட் பிரேக் நழுவிடுச்சுன்னு போலீஸ்ல எழுதிக்கிட்டாங்க. அந்த இடத்துல ரோடு மேடா ஏறுது. மேட்டுல எப்படிய்யா வண்டி தானா ஏறும்? கேட்க ஆளில்ல.

எதிர்ல டீக்கடை வச்சிருக்கிற அம்மாவாசைதான் அன்னிக்கு ஜானகிராமனைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போய் உட்கார வச்சார். டம்ளர் தண்ணியைக் கையில குடுத்துட்டு மெதுவா சொன்னார்.

"பன்னெண்டு வருஷம் இருக்கும் சார். இதே மதில். சின்னப்பாப்பான்னு ஒரு பொண்ணு. மில்லுல வேலை பார்த்த புருஷனுக்குச் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிட்டு வந்துச்சு. மில்லுல சோத்துச் சங்கு பன்னெண்டே முக்காலுக்கு ஊதும், அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. ஒரு வெள்ளைக் கார் அடிச்சுடுச்சு. பானட் மேல விழுந்து வைப்பரைப் புடிச்சுக்கிட்டா. உசுரோடதான் இருந்தா சார். நிறுத்துங்கய்யான்னு கத்தினா."

"அப்புறம்?"

"அவன் நிறுத்தல. வைப்பரைப் போட்டுவிட்டான் பாவி. அவ கை நழுவட்டும்னு. ரோடெல்லாம் கருவாட்டுக் குழம்பு. நம்பரை யாரும் பார்க்கல."

நிர்மலாவுக்காக இராமதாஸ் மகன் வினோத்குமார் காலைப் புடிச்சு, அலைஞ்சு திரிஞ்சு, வாரிசுக் கையெழுத்து வாங்கினார் ஜானகிராமன். ஆர்.சி. இப்ப அவர் பேர்ல இருக்கு. நிர்மலா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டுத்தான் இருக்கு. வாசனை வர்றதில்ல. வைப்பர் மட்டும் மழையில போட்டாக்கூட அசையறதில்ல. நிலவன் புதுசு மாட்டிப் பார்த்துட்டுக் கையை விரிச்சுட்டான்.

ஜானகிராமன் அந்த வண்டியைத் துடைக்கறதை விட்டுட்டார். ஏண்ணேன்னு ஒரு நாள் கேட்டேன். வைப்பர் பக்கம் கையைக் காட்டினார்.

"பேர் மாத்தப் போன மூணு தடவையும் இது கிளம்பலையேப்பா. அது ரிப்பேர் இல்ல. அன்னிக்கே பேரை மாத்தியிருந்தா, நான் எதுக்கு அவனைத் தேடிப் போகப்போறேன்? பன்னெண்டு வருஷம் காத்திருந்து, என் கையாலயே அவனைக் கொண்டார வச்சுட்டா அந்தச் சின்னப்பாப்பா."